ஏறுகிற வண்டியைப் பின்னால் எடுத்தவன்

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு, இறங்கி வரும் வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும். அடிவாரத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் எடுக்கப் போனபோது உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நீங்களும் சரியாகச் சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள்.

அதைச் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அந்தச் சட்டம் தெரிந்த ஒருவன், ஒன்பது வருஷம் அதே ரோட்டில் ஓட்டியவன், ஏறும்போது வண்டியைப் பின்னால் எடுத்தான். எதற்காக எடுத்தான் என்பதைச் சொல்ல எழுதுகிறேன். அவன் நான்தான்.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர்களுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுதித் தருகிறேன் என்றேன். இதில் கியர், கிளட்ச், ரேடியேட்டர் எதுவும் இருக்காது. அதையெல்லாம் கை தானாகப் படித்துக்கொள்ளும்.

எண்பதுகளின் நடுவில் நான் ஏற்காட்டில் ஒரு விருந்தினர் மாளிகையில் டிரைவராக இருந்தேன். பெரிய அதிகாரிகள் வந்து தங்குகிற இடம். பேர் வேண்டாம். டிரைவர் என்றாலும் டெம்ப்ரவரி. ஒன்பது வருஷமாக டெம்ப்ரவரி. வேலை உண்டென்றால் உண்டு, நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. என்னைப் பர்மனன்ட் ஆக்கும் பேப்பர் மேனேஜர் மேசையில் இருந்தது. மேலே இருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள் யார் வந்தாலும் நான் காரை இரண்டு தடவை துடைப்பேன். என் சம்சாரம் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்த வருஷம் மே மாதம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஒன்பது பேர் கூட வந்தார்கள். நம் நாட்டுக்கும் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டுக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை என்றார்கள். அந்த நாட்டின் பேரை எழுத மாட்டேன். அன்றைக்குப் பேரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். பேச்சு முழுக்கக் கடலைப் பற்றியது. டெல்லி அதிகாரிக்கு வெயில் ஆகாது என்பதால் மலைமேல் வைத்தார்கள்.

தீவிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதிகாரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. இன்னொருவர் அவருக்கு உதவியாளர். தீவில் பிறந்த உடம்பு, ஏற்காட்டுக் குளிர் தாங்கவில்லை. முதல் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆக நம் பக்கம் பத்துப் பேர், அவர்கள் பக்கம் ஒருவர்.

நம் ஆட்களுக்கு மூன்று புது கார். தீவுக்காரருக்கு என் அம்பாஸடர். அதற்கு ஹேண்ட் பிரேக் பாதி நாள் பிடிக்கும், பாதி நாள் பிடிக்காது. விருந்தாளிக்கு இதையா கொடுப்பது என்று மேனேஜரைக் கேட்டேன். அவர் ஒருத்தர்தானே என்றார். ஒருத்தர் என்றால் பிரேக் வேண்டாமோ என்னவோ.

டெல்லி அதிகாரி நம் பக்கத்து ஆள்தான். டெல்லியில் இருந்து இருந்து தமிழ் தேய்ந்துபோனவர். எங்களிடம் மட்டும் தமிழில் பேசுவார், அதுவும் கையைக் காட்டிக்கொண்டு. தீவுக்காரரின் தமிழ் வேறு மாதிரி. சின்ன வயதில் நாலு வருஷம் மெட்ராஸ் காலேஜில் படித்தவராம். புத்தகத்தில் எழுதுவது போல் பேசுவார். என்னை நீங்கள் என்று கூப்பிட்ட முதல் அதிகாரி அவர்தான். கடைசியும் அவர்தான்.

முதல் நாள் வாசலில் இரண்டு நாட்டுக் கொடியும் கட்டியிருந்தார்கள். காரில் ஏறும்போது அவர் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, எங்கள் கொடி தலைகீழாக இருக்கிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டார். வாட்ச்மேனிடம் சொல்லி மாற்றிக் கட்ட வைத்தேன். நம் ஆட்கள் பத்துப் பேர் அந்த வாசலில் மூன்று நாள் போய் வந்தார்கள். தலைகீழாக இருந்ததும் அவர்களுக்குத் தெரியாது, நேராக ஆனதும் தெரியாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதிகாரிகளை ஏற்றும் டிரைவர் பின்னால் இருப்பவரைக் கண்ணாடியில் பார்க்கக்கூடாது. ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் ஏழாவது வளைவில் வாந்தி எடுத்துத் தன் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் என்னை அந்தக் காரிலிருந்து மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் கண்ணாடியை ரோட்டைப் பார்ப்பதற்கு மட்டும் திருப்பி வைத்துக்கொள்வேன். முகத்தைப் பார்க்காவிட்டால் வேலை நிலைக்கும்.

ஆனால் காதை மூட முடியாது. இரண்டாம் நாள் தீவுக்காரரே சொன்னார். அவர்கள் நாட்டில் ஒரே ஒரு துறைமுகம். நம் நாடு அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டித் தரும். பதிலுக்கு நம் கப்பல்கள் அந்தத் துறைமுகத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அவருக்கு ஆஸ்பத்திரி வேண்டும். கப்பல் வரட்டும் என்பதிலும் தகராறு இல்லை. கேட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். அந்த ஒரு வரிக்குத்தான் இரண்டு நாளாகப் பேச்சு.

"ஒரே வரி. அதையும் எழுத மாட்டேன் என்கிறார்கள்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் டெல்லி அதிகாரி இதற்குச் சொன்ன பதில் பரிமாறுகிறவன் மூலம் எங்களுக்கு வந்தது. அண்ணன் தம்பி வீட்டுக்குப் போவதற்குப் பர்மிஷன் எதற்கு என்றாராம். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்களாம். என் அண்ணன் ஒரு தடவை அப்படித்தான் கேட்காமல் என் வீட்டுக்குள் வந்தான். போகும்போது ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குக் கையெழுத்து என்று வைத்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து மந்திரி ஒருவரும் வருவதாக இருந்தது, போட்டோவுக்கு. பேப்பரில் அந்த வரி இல்லை. தீவுக்காரர் தன் நாட்டு மந்திரியிடம் கேட்காமல் போட மாட்டேன் என்றார். மழையில் ஏற்காட்டு டெலிபோன் லைன் போயிருந்தது. சேலம் போய் டிரங்க் கால் போடுவதுதான் வழி. காலை ஏழு மணிக்கே அவரை ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

சேலத்தில் லைன் கிடைக்கப் பன்னிரண்டு ஆனது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினார். வெளியே இருந்து பார்த்தேன். பேசியது கொஞ்சம், கேட்டது கொஞ்சம், சும்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். காரில் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"அந்த வரியை விடாதே என்கிறார். கிடைக்காவிட்டால் நீயே பார்த்து முடிவு செய் என்கிறார்."

மேலே இருப்பவன் நீயே பார்த்து முடிவு செய் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும். நல்லது நடந்தால் எனக்கு, கெட்டது நடந்தால் உனக்கு. பெரிய நாட்டிலும் அதுதான், சின்ன நாட்டிலும் அதுதான்.

திரும்பி ஏறும்போது நல்ல வெயில். வண்டி சூடாகிவிட்டது. நாலாவது வளைவில் நிறுத்தி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். அங்கிருந்து நிற்காமல் ஏறினால் இரண்டு மணிக்குப் போய்விடலாம். நாலு மணிக்கு முன்பு டெல்லி அதிகாரியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கப் போகிறேன் என்றார் தீவுக்காரர். பையைத் திறந்து பேப்பரை எடுத்து அந்த வரியை எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் கீழே, ரோடு குறுகுகிற இடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர். ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். எதிரே ஹாரன் இல்லாமல் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்னால் மூன்று புது கார். மந்திரியைக் கூட்டி வர டெல்லி அதிகாரி சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குப் பின்னால், வளைவுக்கு மேலே, நாலு வண்டியும் ஒதுங்க இடம் இருந்தது. எனக்குப் பின்னால் இடம் இல்லை. இருபது முப்பது கஜம் இறக்கத்தில் பின்னால் போனால் ஒரு சந்து உண்டு.

ஜீப்பில் முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இரண்டு விரலை ஆட்டினார். கோழியை விரட்டுகிற மாதிரி.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. சும்மா நின்றிருக்க வேண்டும். ஏறுகிற வண்டி, சூடான இன்ஜின், பிடிக்காத பிரேக். நின்றால் சட்டம் என் பக்கம். அவர்கள் திட்டியிருப்பார்கள், பிறகு ஒதுங்கியிருப்பார்கள். முதல் காரை ஓட்டி வந்தவன் செங்கோடன், எங்கள் மாளிகை டிரைவர், என் பங்காளி முறை. அவன் வண்டியைப் பின்னால் எடுக்கத் தயாராகக் கியரில் கை வைத்திருந்தான். எனக்குத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் டெல்லி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து என் காரைப் பார்த்தார். உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்தது. மறுபடி குனிந்து பேப்பர் படித்தார்.

எனக்கு இருந்தது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் நான் பிரேக்கைப் பற்றி யோசிக்கவில்லை. பின்னால் இருந்த மனிதரைப் பற்றியும் யோசிக்கவில்லை. மேனேஜர் மேசையில் இருந்த பேப்பரைப் பற்றி யோசித்தேன். ரிவர்ஸ் போட்டேன்.

"ஏன்? நாம் ஏறுகிறோம் அல்லவா?" என்றார் தீவுக்காரர். மூன்று நாளில் அந்தச் சட்டம் அவருக்கே தெரிந்திருந்தது.

பத்துக் கஜம் போனேன். இடது பின்சக்கரம் பாறை ஓரத்துக் கால்வாயில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. அவர் நெற்றி கதவில் இடித்தது. பை கீழே விழுந்து பேப்பர் சிதறியது.

வண்டி சாய்ந்ததால் ரோட்டில் வழி கிடைத்துவிட்டது. ஜீப் போனது. மூன்று காரும் வரிசையாகப் போயின. எந்தக் கண்ணாடியும் இறங்கவில்லை. செங்கோடன் மட்டும் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்பட்டுக்கொண்டு போனான்.

அரை மணி நேரம் நின்றோம். கீழேயிருந்து மஞ்சக்குட்டை போகிற ஜீப் ஒன்று வந்தது. எஸ்டேட் வேலைக்காரர்கள், பத்துப் பதினைந்து பேர், சந்தைச் சாமான்களோடு. எல்லோரும் இறங்கினார்கள். முதலில் வண்டியைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க டிரைவரே, மேல இருந்து எறங்கி வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. ஏறிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் எப்படீங்க பொறகால போயி உழுந்தீங்க?"

இறங்கிப்போன கார்களைப் பற்றிச் சொன்னேன். வயதான ஓர் அம்மா, தலையில் கூடை, சிரிக்காமல் சொன்னார். "பெரிய காரப் பாத்தா இவியளுக்கு ரிவர்ஸ் கியரு தானா உழுந்துக்குமாட்ட இருக்குது. வா கண்ணு, ஒரு கை புடி."

கூட்டமாகச் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். தீவுக்காரரும் தோளைக் கொடுத்தார். வேண்டாம் ஐயா என்றேன். கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையில் சேறு. நெற்றியில் ஒரு வீக்கம். அந்த அம்மா தன் கூடையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்து அவர் கையில் வைத்தார். எந்த நாட்டு அதிகாரி என்று அவருக்குத் தெரியாது. விழுந்த வண்டிக்காரர் என்பது மட்டும் தெரியும். மூன்று நாளில் அந்த மனிதருக்கு நம் நாட்டில் கிடைத்த மரியாதை அந்த இரண்டு பழம்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றரை மணிக்கு மந்திரி வந்தார். ஹாலில் டீ கொடுத்தார்கள். நான் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே நடந்ததைப் பரிமாறுகிறவன் பிறகு சொன்னான்.

மந்திரி தீவுக்காரரின் நெற்றியைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். தீவுக்காரர் டீக் கப்பைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மலையில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தாராம். ஏறுகிற வண்டி கஷ்டப்பட்டு ஏறுகிறது, ஆகையால் இறங்குகிற வண்டி நின்று வழி விடுகிறது. பெரிய வண்டி, சின்ன வண்டி என்று சட்டத்தில் இல்லை. வளைவில் ஹாரன் அடித்துவிட்டு வர வேண்டும் என்றும் இருக்கிறது. இன்று உங்கள் கார்கள் அடிக்கவில்லை, நிற்கவும் இல்லை. நான் கேட்கிற ஒரு வரியும் இதுதான், வளைவில் ஹாரன் அடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என்றாராம்.

மந்திரி கொஞ்சம் விளையாட்டான ஆள். அதைக் கேட்டு ரசித்துவிட்டார். டெல்லி அதிகாரியைப் பார்த்து, அவர் சொல்றது நியாயம்தானே, ஒரு வரிதானே, எழுதிவிட்டால் என்ன என்றாராம். மூன்று நாளாக அசையாதது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அசைந்தது.

டெல்லி அதிகாரி பதறவில்லை. பதறினால் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார். எங்கள் கார் யாரையும் பின்னால் போகச் சொல்லவில்லை, டிரைவர் தானாகவே தப்புச் செய்துவிட்டான், வேண்டுமானால் அவனையே கேட்போம் என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். நீள மேசை. ஒரு பக்கம் மந்திரியும் பத்துப் பேரும். எதிரே சேறு பட்ட சட்டையோடு தீவுக்காரர். பக்கத்தில் காலி நாற்காலி, காய்ச்சல்காரருடையது. மேனேஜர் கதவு ஓரம் நின்றார்.

டெல்லி அதிகாரி அன்பாகக் கேட்டார். அவ்வளவு அன்பாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எத்தனை வருஷமா இங்க வண்டி ஓட்டறேப்பா?"

"ஒம்பது வருஷமுங்க."

"பர்மனன்ட்தானே?"

"இல்லீங்க. டெம்ப்ரவரிங்க."

அவர் மேனேஜரைப் பார்த்தார். ஒன்பது வருஷமா இன்னும் பண்ணலையா என்று கேட்டார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, பேப்பர் ரெடியாக இருக்கிறது சார் என்றார். நான் மூன்று வருஷமாகக் காத்திருந்த ஒரு வார்த்தை அங்கே, அந்த மேசைமேல், எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகுதான் கேள்வியைக் கேட்டார்.

"இன்னிக்கு ரோட்ல யாராவது உன்னைப் பின்னால எடுக்கச் சொன்னாங்களா?"

நான் தீவுக்காரரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எனக்குப் பழக்கம். விரலை ஆட்டினார்கள், வாயால் யாரும் சொல்லவில்லையே என்று ஒரு சமாதானம் தோன்றியது. எவ்வளவு மட்டமான சமாதானம் என்று அப்போதே தெரியும்.

"இல்லீங்க. யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்தேனுங்க."

"பயந்துட்டியா?"

"ஆமாங்க."

மந்திரி சிரித்தார். அவர் சிரித்ததும் பத்துப் பேரும் சிரித்தார்கள். டெல்லி அதிகாரி தீவுக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்கும் அவ்வளவு ஆங்கிலம் தெரியும். பாருங்கள், நாங்கள் யாரையும் தள்ளுவதில்லை, சிலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள் என்றார்.

நாலு மணிக்குக் கையெழுத்து. அந்த வரி இல்லை. போட்டோ எடுத்தார்கள். சேறு தெரியாமல் இருக்கத் தீவுக்காரருக்கு யாரோ ஒரு கோட்டு கொடுத்தார்கள். அது அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஷெட்டில் செங்கோடன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். விஷயம் எனக்கு முன்னால் அங்கே வந்துவிட்டிருந்தது.

"என்ன பங்காளி, நீயாத்தான் எடுத்தியாமா?" என்றான்.

"ஆமா."

"நான் ரிவர்ஸ் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நீ ஒரு நிமிசம் கம்முனு நின்னிருந்தா நான் எடுத்திருப்பேன். பின்னால உக்காந்திருந்தவனுக்கு ரோடு தெரியுமா, என்ன தெரியும்? ஏறுற வண்டி நகராதுங்க சார்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்."

"உள்ள வந்து சொல்லியிருக்கலாமில்ல."

பீடியைக் காலில் போட்டு மிதித்தான். "என்னைக் கூப்படலியே" என்றான். கூப்பிட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் கேட்கவில்லை. 

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்குள் என் பர்மனன்ட் ஆர்டர் வந்தது. சம்சாரம் சந்தோஷப்பட்டாள். எதற்காக வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடும் வரைக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு நான் சாப்பிடும் பென்ஷன் அந்த ஆர்டரில் வருவதுதான். இரண்டு வருஷம் கழித்து டீக்கடைப் பேப்பரில் ஒரு போட்டோ பார்த்தேன். அந்தத் தீவின் துறைமுகத்தில் நம் கப்பல் நிற்கிறது. நட்புப் பயணம் என்று கீழே போட்டிருந்தார்கள். கேட்டுவிட்டுப் போனார்களா என்று போடவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி எந்தப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை.

டெல்லி அதிகாரி அதற்குப் பிறகு மூன்று தடவை ஏற்காடு வந்தார். ஒரு தடவையும் என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அவருக்காகக் காரை இரண்டு தடவை துடைப்பதை நிறுத்திவிட்டேன். என்னால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

உங்களில் சிலர் சிரிக்கலாம். ஒரு நாட்டு விவகாரம் ஒரு டிரைவர் வாயிலா இருந்தது என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும். நான் அந்தச் சிரமத்தைக்கூட அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கு வேலை எவ்வளவு சுலபம் என்பதை அந்த ஹாலில் பார்த்தேன். அவர்கள் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. உனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதைப் பற்றி முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கப்புறம் கேள்வியைக் கேட்கிறார்கள்.

மறுநாள் காலை தீவுக்காரரையும் உதவியாளரையும் சேலத்தில் விட வேண்டும். கொடியைக் காலையிலேயே இறக்கி மடித்துவிட்டார்கள். வழியனுப்ப மேனேஜர் மட்டும் வந்தார். உதவியாளர் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் தூங்கிவிட்டார். அவர் பக்கத்தில் தீவுக்காரர். தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

ஒன்பதாவது வளைவுக்கு வந்தேன். கீழே ஹாரன் சத்தம். லோடு பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது, மேலே வாழைத்தார், உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். முந்தின நாள் நான்கு வண்டியும் ஒதுங்கியிருக்க வேண்டிய அதே இடத்தில் ஒதுங்கி நிறுத்தினேன். பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"இன்று யாரும் சொல்லவில்லை. நீங்களாக நிறுத்தினீர்கள்" என்றார் தீவுக்காரர்.

"ஆமாங்க."

வண்டியை எடுக்கவில்லை. கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, "நேத்து நான் சொன்னது பொய்யிங்க. மன்னிச்சுருங்க" என்றேன். என் வாழ்க்கையில் அதிகாரி ஒருவரிடம் கேட்டது அந்த ஒரு மன்னிப்புதான்.

கண்ணாடியைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு வெளியே கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரில் என்னிடம் கேட்பார்கள்" என்றார். "யாராவது உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார்களா என்று. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன் என்றுதான் நானும் சொல்வேன்."

கண்ணாடியைப் பழையபடி ரோட்டுக்குத் திருப்பினேன். வண்டியை எடுத்தேன்.